பிளாக்பெர்ரி: அலுவலுக்கென்றே பிறந்த கைபேசி

பிளாக்பெர்ரி என்பது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாட்டர்லூ நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ரிசர்ச் இன் மோஷன் (சுருக்கமாக ரிம்) நிறுவனம் 1999 முதல் விற்ற கையடக்க மின்னஞ்சல் கருவிகளுக்கும், அவற்றிலிருந்து வளர்ந்த திறன்பேசிகளுக்கும் வழங்கிய பொதுப்பெயர். வேலைக்கும் செய்தித் தொடர்புக்கும் ஏற்ற கைபேசி எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு முதலில் முழுமையான விடை தந்தது இந்தக் கருவிதான். கேமராவோ வண்ணத் திரையோ செயலிக் கடையோ அந்த விடையில் இடம்பெறவில்லை. செய்தி வந்து சேர்வதற்கும் அதற்கான பதில் கிளம்புவதற்கும் இடையே மனிதர் செலவிடும் நேரத்தையும் கைவேலையையும் இயன்ற அளவு குறைப்பது என்ற ஒரே நோக்கத்தை வைத்து அதன் வலையமைப்பும் விசைகளும் உறையும்கூட வடிவமைக்கப்பட்டன. 2007க்குப் பிறகு தொடுதிரைக் கைபேசிகளிடம் அது சந்தையை இழந்தது. ஆனாலும் அலுவலுக்கான கைபேசியை எடைபோட இன்றைக்கும் அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

தோற்றம்

மைக் லாசரிடிஸ், டக்ளஸ் ஃப்ரெகின் ஆகிய இருவரும் 1984இல் ரிம் நிறுவனத்தைத் தொடங்கினர். 1992இல் சேர்ந்த ஜிம் பால்சிலி வணிகப் பொறுப்பை ஏற்றார். அந்நாளில் நிறுவனத்தின் முக்கியமான வேலைகளுள் ஒன்று, மோபிடெக்ஸ் என்னும் கம்பியில்லாத் தரவு வலையமைப்புக்குக் கருவிகளும் மென்பொருளும் செய்வது. ஸ்வீடனின் அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமும் எரிக்சனும் சேர்ந்து உருவாக்கிய இந்த வலையமைப்பு 1986இல் இயங்கத் தொடங்கியது. குரல் அதில் போகாது. சிறு சிறு தரவுப் பொட்டலங்கள் மட்டுமே போகும். ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு 512 பைட், வேகம் விநாடிக்கு 8 கிலோபிட். 100 கிலோபைட் அளவுள்ள ஒரு புகைப்படத்தை அதில் அனுப்பினால், தடங்கலே இல்லாவிட்டாலும் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும்.

இந்தக் குறுகிய பாதைதான் பிளாக்பெர்ரியை வடித்தது என்று சொன்னால் மிகையாகாது. அதே காலத்தில் வேறு சிலரும் அலுவலகத்தைச் சட்டைப்பைக்குள் கொண்டுவர முயன்றார்கள். ஐபிஎம் 1994இல் சைமன் என்ற தொடுதிரைக் கைபேசியை விற்றது. நோக்கியா 1996இல் 9000 கம்யூனிகேட்டரைக் கொண்டுவந்தது. தொலைநகல், இணையம், நாட்காட்டி எல்லாம் இருந்த அந்தக் கருவியின் எடை 397 கிராம். மேசைக் கணினியில் உள்ளதையெல்லாம் சுருக்கிக் கொடுப்பது அவர்கள் வழி. ரிம் அதற்கு நேரெதிராக நடந்தது. குறுகிய பாதையில் எது போகுமோ அதை மட்டும் எடுத்துக்கொண்டது. போகக்கூடியது எழுத்து. எழுத்திலும் அலுவலகத்துக்கு அதிகம் தேவைப்பட்டது மின்னஞ்சல்.

1996இல் இன்டராக்டிவ் பேஜர் 900 வந்தது. பேஜருக்கு வந்த செய்திக்கு அதிலேயே பதில் எழுத முடிந்தது. 1998இல் வந்த 950 இன்னும் சிறியது. 1999 ஜனவரியில் பிளாக்பெர்ரி என்ற பெயரில் மின்னஞ்சல் சேவை அறிமுகமானது. தொடக்கக் கருவிகளில் இன்டெல் 386 சில்லும் ஆறு அல்லது எட்டு வரி காட்டும் கருப்பு வெள்ளைத் திரையும் இருந்தன. மின்சாரம் ஒரே ஒரு ஏஏ பேட்டரியிலிருந்து வந்தது. அது வாரக்கணக்கில் தாங்கியது.

தேடி வரும் அஞ்சல்

அதுவரை வெளியூரில் இருப்பவர் மின்னஞ்சல் பார்க்க வேண்டுமானால் மடிக்கணினியைத் திறந்து, தொலைபேசி இணைப்பில் செருகி, எண் சுழற்றி, கடவுச்சொல் கொடுத்து, ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். தபால் நிலையத்துக்கு நடந்துபோய் எனக்குக் கடிதம் உண்டா என்று விசாரிப்பதுபோல. பிளாக்பெர்ரியில் தபால்காரர் வீட்டுக்கு வந்தார்.

இதன் இயக்கத்தைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் இன்றைய கைபேசிகள் எல்லாமே இதன் ஏதோ ஒரு வடிவத்தில்தான் ஓடுகின்றன. நிறுவனத்தின் அஞ்சல் சர்வருக்குப் பக்கத்தில் பிளாக்பெர்ரி என்டர்பிரைஸ் சர்வர் என்ற மென்பொருள் நிறுவப்படும். அது ஒவ்வோர் ஊழியரின் அஞ்சல்பெட்டியையும் கவனித்தபடி இருக்கும். புது அஞ்சல் விழுந்ததும் அதை எடுத்துச் சுருக்கி, மறையாக்கம் செய்து, முதல் 2 கிலோபைட்டை மட்டும் ரிம்மின் வலையமைப்பு இயக்க மையத்துக்கு அனுப்பும். அங்கிருந்து கைபேசி நிறுவனத்தின் அலைவரிசை வழியாகக் கருவிக்கு வந்து சேரும். மிச்சப் பகுதி வேண்டுமென்றால் பயனர் மேலும் படிக்கக் கீழே நகர்த்தும்போது வரும். பெரிய இணைப்புக் கோப்புகளை அப்படியே அனுப்பாமல், பின்னாளில் சர்வரே திறந்து, திரைக்குத் தேவையான எழுத்தை மட்டும் பிரித்துக் கொடுத்தது.

இதனால் பல காரியங்கள் ஒரே நேரத்தில் கைகூடின. கருவி அடிக்கடி சர்வரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியதில்லை, அழைப்புக்குக் காது கொடுத்துக் காத்திருந்தால் போதும். பேட்டரி நீடித்ததற்கு இது பெரிய காரணம். தரவு குறைவாகச் சென்றதால் கைபேசி நிறுவனங்கள் மாதத்துக்கு ஒரே கட்டணம் என்று விற்க முடிந்தது. அனுப்பும் பதில் அலுவலக முகவரியிலிருந்தே போனது. மேலாளர் விமான நிலையத்தில் நின்று எழுதினாரா, மேசையில் உட்கார்ந்து எழுதினாரா என்பது பெறுபவருக்குத் தெரியாது.

நிறுவனங்களின் கணினிப் பிரிவுகள் இதை ஏற்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதிகம் பேசப்படாத காரணம். வெளியிலிருந்து யாரும் உள்ளே வர நெருப்புச்சுவரில் வழி திறக்க வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் சர்வர்தான் 3101 என்ற ஒரு வாயில் வழியாக வெளியே போய் ரிம்மின் மையத்தோடு இணைப்பை ஏற்படுத்திக்கொள்ளும். ஒரு கருவி எவ்வளவு வசதியாக இருந்தாலும், பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் தலையசைக்காவிட்டால் அலுவலகத்துக்குள் நுழையாது.

விசைகளும் உருளையும்

கையில் பிடித்தபடி இரண்டு கட்டைவிரல்களால் தட்டுவதற்கென்றே பிளாக்பெர்ரியின் விசைப்பலகை அமைந்தது. விசைகள் சிறியவை. ஆனால் ஒவ்வொன்றும் சற்றே மேடாகவும் சாய்வாகவும் இருந்ததால் பக்கத்து விசையிலிருந்து விரலுக்குத் தனித்துத் தெரிந்தது. பழகியவர்கள் பார்க்காமலே அடித்தார்கள். வேலையைக் குறைக்கும் பழக்கங்கள் மென்பொருளிலும் இருந்தன: இடைவெளி விசையை இரண்டு முறை தட்டினால் முற்றுப்புள்ளி விழும், அடுத்த எழுத்து பெரிய எழுத்தாகும், எழுத்து விசையைச் சற்று அழுத்திப் பிடித்தால் அதுவும் பெரிய எழுத்தாகும். இவற்றில் முதலாவது இன்றைய ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் அப்படியே இருக்கிறது.

வலது விளிம்பில் ஒரு சிறு உருளை. கட்டைவிரலால் சுழற்றினால் பட்டியல் நகரும், அழுத்தினால் திறக்கும். 2006இல் பேர்ல் மாதிரியோடு அது முகப்பில் ஒரு சிறு உருண்டையாக மாறியது, பிறகு தொடுபரப்பாக. ஆனால் உண்மையான வேகம் குறுக்குவிசைகளில் இருந்தது. அஞ்சல் பட்டியலில் நின்றுகொண்டு சி என்ற எழுத்தைத் தட்டினால் புதுக் கடிதம், ஆர் தட்டினால் பதில், எஃப் தட்டினால் மற்றவருக்கு அனுப்புதல், டி தட்டினால் பட்டியலின் உச்சி, பி தட்டினால் அடி, யூ தட்டினால் அடுத்த படிக்காத கடிதம். திரையில் எங்கே தொடுவது என்று கண் தேட வேண்டியதே இல்லை. அழகு இல்லாத இந்த ஏற்பாடு ஒரு நாளைக்கு நூறு கடிதம் பார்க்கிறவருக்கு எவ்வளவு பெரிய கொடை என்பதைப் பயன்படுத்தியவர்களே அறிவார்கள்.

இன்னொரு சிறப்பு, மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் தவறிய அழைப்பும் ஒரே பட்டியலில் நேர வரிசையில் நின்றன. யார் எந்த வழியாகத் தொடர்பு கொண்டார் என்பதை முதலில் யோசித்துவிட்டுப் பிறகு அந்தச் செயலியைத் திறக்கும் வேலை மிச்சம்.

அறிவிப்பு

கருவியின் மூலையில் ஒரு சிறு சிவப்பு விளக்கு. செய்தி வந்திருந்தால் மினுக்கும், இல்லாவிட்டால் மினுக்காது. திரையை எழுப்பாமல், மேசையின் மறுகோடியிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். இடுப்பில் மாட்டும் உறையில் ஒரு காந்தம் இருந்தது. உறைக்குள் போனதைக் கருவி அதன் மூலம் உணர்ந்து திரையை அணைத்துக்கொள்ளும். உறைக்குள் இருக்கும்போது அதிர வேண்டும், மேசை மேல் இருக்கும்போது சும்மா இருக்க வேண்டும் என்று தனித்தனியாக அமைக்கவும் முடிந்தது. நல்ல வேலைக்கருவி தன் உரிமையாளரை எப்போது கூப்பிட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஆப்பிள் 2021இல் ஃபோகஸ் என்ற வசதியைச் சேர்த்தபோது தீர்க்க முயன்ற சிக்கலும் இதே வகைதான், பல மடங்கு பெருத்துப்போன வடிவில்.

அந்தச் சிவப்பு விளக்குக்கு ஒரு கெடுதலும் இருந்தது. அலுவலகம் முடிந்த பிறகும் அது மினுக்கியது. இரவு உணவு மேசையில், மருத்துவமனை வரிசையில், குழந்தையின் பள்ளி விழாவில். எட்டு மணி நேர வேலைக்கு இருந்த எல்லைக்கோட்டை முதலில் அழித்த கருவிகளுள் பிளாக்பெர்ரியும் ஒன்று என்பதை அதன் புகழோடு சேர்த்தே பதிய வேண்டும்.

நம்பகமும் காப்பும்

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் கைபேசிக் குரல் வலையமைப்புகள் திணறின. தனித் தரவு வலையமைப்பில் ஓடிய பிளாக்பெர்ரிகள் அப்போதும் செய்தி அனுப்பின, பெற்றன. அதன் பிறகு அமெரிக்கப் பிரதிநிதிகள் அவை தன் உறுப்பினர்களுக்கு இக்கருவியை வழங்கியது. அரசு எவ்வளவு தூரம் இதை நம்பியது என்பதற்கு என்டிபி வழக்கு சான்று. கம்பியில்லா மின்னஞ்சல் காப்புரிமை தொடர்பாக 2001இல் என்டிபி என்ற நிறுவனம் ரிம் மீது வழக்குத் தொடுத்து, சேவையையே நிறுத்தும் நிலைக்குக் கொண்டுவந்தபோது, அரசு ஊழியர்களின் இணைப்பு அறுந்துவிடக் கூடாது என்று அமெரிக்க நீதித் துறை நீதிமன்றத்தில் முறையிட்டது. 2006 மார்ச்சில் ரிம் 61.25 கோடி டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. 2009இல் பதவியேற்ற பராக் ஒபாமா, கூடுதல் பாதுகாப்போடு தன் பிளாக்பெர்ரியை வைத்துக்கொள்ள அனுமதி பெற்றார்.

நிறுவனக் கணக்குகளில் மறையாக்கச் சாவி இரண்டே இடங்களில் இருந்தது: நிறுவனத்தின் சர்வரிலும் ஊழியரின் கருவியிலும். நடுவில் இருந்த ரிம்மாலேயே கடிதத்தைப் படிக்க முடியாது. கருவி தொலைந்தால் அலுவலகத்திலிருந்தே அதிலுள்ளதை அழிக்கலாம். கடவுச்சொல் எத்தனை எழுத்து, கேமரா இருக்கலாமா, எந்தச் செயலி கூடாது என்பதையெல்லாம் நிறுவனம் தூரத்திலிருந்தே விதிக்கலாம்.

இந்தக் காப்பு இந்தியாவில் ஒரு அரசியல் பிரச்சினையானது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு பாதுகாப்பு அமைப்புகள் எல்லாச் செய்திப் போக்குவரத்தையும் கண்காணிக்க விரும்பின. பிளாக்பெர்ரியின் நிறுவன அஞ்சலையும் பிளாக்பெர்ரி மெசஞ்சர் (பிபிஎம்) செய்திகளையும் படிக்க வழி செய்யாவிட்டால் அந்தச் சேவைகள் நிறுத்தப்படும் என்று 2010இல் இந்திய அரசு எச்சரித்து, ஆகஸ்ட் 31ஐக் கெடுவாக வைத்தது. ஐக்கிய அரபு அமீரகமும் சவூதி அரேபியாவும் அதே ஆண்டு இதே போன்ற அழுத்தம் கொடுத்தன. நிறுவன அஞ்சலுக்குத் தன்னிடம் சாவியே இல்லை என்பது ரிம்மின் பதில். பொதுப் பயனர்களின் நிலைமை வேறு: அவர்களுடைய பிபிஎம் செய்திகள் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஒரு சாவியால்தான் மறைக்கப்பட்டிருந்தன. 2012இல் மும்பையில் ரிம் ஒரு சர்வர் அமைத்தது. நிறுவனத்தில் வேலை பார்த்தவருக்குக் கிடைத்த காப்பு, அதே கருவியைக் கடையில் வாங்கிய கல்லூரி மாணவருக்குக் கிடைக்கவில்லை என்பது பலருக்கு அப்போதுதான் புரிந்தது.

பிபிஎம்

2005இல் வந்த பிளாக்பெர்ரி மெசஞ்சர், சுருக்கமாக பிபிஎம், இன்றைய அரட்டைச் செயலிகளுக்கு முன்னோடி. ஒவ்வொரு கருவிக்கும் எட்டு எழுத்துகள் கொண்ட பின் (PIN) எண் உண்டு. அதைக் கொடுத்தால் போதும், தொலைபேசி எண்ணே வேண்டாம். அனுப்பிய செய்தி கருவியை அடைந்ததும் டி என்றும், படிக்கப்பட்டதும் ஆர் என்றும் குறி விழும். வாட்ஸ்அப்பின் சாம்பல் நிற இரட்டைக் குறிக்கும் நீலக் குறிக்கும் முன்பே வந்த அடையாளங்கள் இவை. குறுஞ்செய்திக்குக் காசு கொடுத்த காலத்தில் இது கட்டணமின்றி ஓடியதால் இளைஞர்கள் திரண்டார்கள். இந்தோனேசியாவில் பிபிஎம் அன்றாடப் பேச்சு வழியாகவே ஆனது. அலுவலுக்குப் பிறந்த கருவி, நண்பர் வட்டத்தின் கருவியாகவும் ஆயிற்று.

மூன்று நாள் மௌனம்

எல்லாச் செய்தியும் ரிம்மின் சொந்த மையங்கள் வழியே போவது அதன் வலிமை என்றால், அதுவே பலவீனமும் ஆகும். 2011 அக்டோபர் 10 அன்று இங்கிலாந்தின் ஸ்லவ் நகரிலிருந்த மையத்தில் ஒரு முக்கிய இணைப்புக் கருவி பழுதாயிற்று. மாற்று ஏற்பாடு எதிர்பார்த்தபடி பொறுப்பை ஏற்கவில்லை. ஐரோப்பா, மத்தியக் கிழக்கு, ஆப்பிரிக்கா, இந்தியா என்று அஞ்சல் நின்றது. தேங்கிய செய்திகளின் சுமை மற்ற மையங்களையும் அழுத்தவே, தென் அமெரிக்காவுக்கும் வட அமெரிக்காவுக்கும் தடங்கல் பரவியது. சேவை முழுதாகத் திரும்ப 13ஆம் தேதி ஆகிவிட்டது. லாசரிடிஸ் காணொளியில் தோன்றி மன்னிப்புக் கேட்டார். நம்பகத்தை முதல் சரக்காக விற்ற நிறுவனத்துக்கு அந்த நாட்கள் ஆழமான காயம். ஆப்பிள் தன் செய்திச் சேவையான ஐமெசேஜைப் பொதுமக்களுக்கு வெளியிட்டதும் அதே வாரத்தில்தான்.

தொடுதிரையின் வருகை

2007 ஜனவரி 9 அன்று அறிவிக்கப்பட்ட ஐபோனில் மின்னஞ்சல் பிளாக்பெர்ரி அளவுக்கு இல்லை, விசைகளும் இல்லை. ஆனால் அது முழு இணையத்தைக் காட்டியது, 2008இல் செயலிக் கடையும் வந்தது. அலைவரிசையின் குறுகலை வைத்துக் கட்டிய வடிவமைப்பு, அலைவரிசை அகன்றதும் பிடிமானத்தை இழந்தது. 2008இல் அவசரமாக வந்த ஸ்டார்ம் என்ற தொடுதிரை மாதிரி, திரை முழுவதையும் ஒரு விசைபோல அழுத்தித் தட்டச் சொன்னது. வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். அதே 2008இல் ஐபோன் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் அஞ்சலோடு இணைந்துகொண்டது. பிறகு ஊழியர்கள் தம் சொந்தக் கைபேசியையே அலுவலகத்துக்குக் கொண்டுவரத் தொடங்கினார்கள்.

விசைப்பலகை போனதில் அலுவலக உலகம் வருந்தியது நியாயமே. ஆனால் தமிழில் எழுதுபவர் கோணத்திலிருந்து பார்த்தால் கணக்கு மாறுகிறது. ஆங்கில எழுத்துகள் பொறித்த விசைகளில் தமிழ் விருந்தாளியாகத்தான் இருக்க முடியும். முத்து நெடுமாறன் உருவாக்கி 2005இல் சிங்கப்பூரில் வெளியிட்ட செல்லினம் எண்விசைக் கைபேசிகளிலேயே தமிழைக் கொண்டுவந்தது. ஆனாலும் தமிழ்99 விசைமுறையை அதன் உண்மையான உருவில் கண்முன் விரித்தது கண்ணாடித் திரைதான். அதில் விசைகள் வரையப்பட்டவை, வேண்டிய மொழிக்கு வேண்டியபடி மாறுபவை. தாய்மொழியில் எழுத விடாத கருவி செய்தித் தொடர்புக்கு ஏற்றது என்று சொல்ல முடியாது. இந்த ஒன்றில் பிளாக்பெர்ரியைவிட அதன் எதிரிகளே மேல்.

வேகத்திலும் இழப்பு பயந்த அளவுக்கு இல்லை. 2019இல் ஆல்டோ, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களும் சூரிச்சின் இடிஎச்சும் சேர்ந்து சுமார் 37,000 பேரிடம் நடத்திய ஆய்வில், தொடுதிரையில் சராசரி வேகம் நிமிடத்துக்கு 36 சொல் என்று தெரியவந்தது. தானியங்கித் திருத்தம் பயன்படுத்தியவர்கள் வேகமாக இருந்தார்கள். திரை பரிந்துரைக்கும் சொற்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனவர்கள் மெதுவாகவே இருந்தார்கள், ஏனென்றால் பரிந்துரையைப் படிக்கவும் நேரம் ஆகிறது.

இறுதி ஆண்டுகள்

லாசரிடிஸும் பால்சிலியும் 2012 ஜனவரியில் தலைமையிலிருந்து விலகினர். 2013 ஜனவரி 30 அன்று நிறுவனம் தன் பெயரையே பிளாக்பெர்ரி என்று மாற்றிக்கொண்டு, 2010இல் வாங்கிய கியூஎன்எக்ஸ் மென்பொருளை அடிப்படையாகக் கொண்ட பிளாக்பெர்ரி 10 கருவிகளை வெளியிட்டது. 2014இல் சதுரத் திரையோடு வந்த பாஸ்போர்ட்டும் பெரிதாக விற்கவில்லை. 2015இல் ஆண்ட்ராய்டுக்கு மாறியது. 2016 செப்டம்பரில் கருவிகளைத் தானே வடிவமைப்பதை நிறுத்திப் பெயரை டிசிஎல் போன்ற நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்தது. பொதுமக்களுக்கான பிபிஎம் 2019 மே 31 அன்று மூடப்பட்டது. 2022 ஜனவரி 4 அன்று பழைய பிளாக்பெர்ரிகளுக்கான சேவைகள் நிறுத்தப்பட்டன.

இன்று எஞ்சியிருப்பவை

ஆப்பிள் 2009இலும் கூகுள் 2010இலும் தொடங்கிய அறிவிப்புச் சேவைகள், ஒரே இணைப்பைத் திறந்து வைத்து எல்லாச் செயலிகளுக்கும் வருவதைக் கருவிக்குத் தள்ளுகின்றன. ரிம்மின் இயக்க மையம் செய்த வேலையும் அதுதான். அலுவலகத் தரவையும் சொந்தத் தரவையும் ஒரே கருவியில் வேலி போட்டுப் பிரிப்பதை பிளாக்பெர்ரி பேலன்ஸ் செய்தது, இன்று ஆண்ட்ராய்டின் பணிச் சுயவிவரம் செய்கிறது. சாவி இரு முனைகளில் மட்டும் இருக்கும் மறையாக்கம் சிக்னல் செயலியிலும் வாட்ஸ்அப்பிலும் எல்லாருக்கும் கிடைத்துவிட்டது.

கிடைக்காமல் போனது அந்த ஒற்றைப் பட்டியல். பிளாக்பெர்ரி 10இன் ஹப், பேஸ்புக், ட்விட்டர், வாட்ஸ்அப் செய்திகளையும் மின்னஞ்சலோடு சேர்த்து ஒரே இடத்தில் காட்டியது. இன்றைய கைபேசியில் ஒரே மனிதர் மின்னஞ்சலில் ஒரு பாதியும் வாட்ஸ்அப்பில் இன்னொரு பாதியும் எழுதுகிறார். இரண்டையும் இணைப்பது படிப்பவர் நினைவாற்றல். ஒவ்வொரு செயலியும் தன் வாசலைத் தானே காவல் காப்பதால் கைபேசியைச் செய்கிறவர் நினைத்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் வாட்ஸ்அப்பையும் பேஸ்புக் மெசஞ்சரையும் பிற சேவைகள் கேட்டால் அவற்றோடு செய்தி பரிமாற வழி விட வேண்டும் என்று 2024 மார்ச் முதல் கட்டாயப்படுத்துகிறது. இந்தியாவில் அத்தகைய சட்டக் கட்டாயம் இல்லை.